பின் சீட்டைக் கழுவிய நாள்

கடலூர் முதுநகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னால் ஒரு கார் நிறுத்துகிற அளவுக்குத்தான் இடம். என் மனைவி உண்டாகியிருப்பது உறுதியானதும் பழைய கார் ஒன்றை வாங்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். அதுவரை பைக்தான். அவள் என் தாய்மாமன் மகள். சிறுவயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "இனிமே பைக்ல குலுங்கிக்கிட்டு வர முடியாது மாமா" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக வாங்கியது.

ஐந்தாம் மாதத்தில் சிதம்பரத்தில் அவள் தோழிக்குக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இடுப்பு வலிக்கிறது என்று பின் சீட்டில் படுத்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் "மாமா, வண்டியத் திருப்புங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சிதம்பரத்துக்கே திருப்பி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவள் புடவையும் சீட்டும் நனைந்திருந்தன.

ஆண் குழந்தை. அவள் மயக்கத்தில் இருந்தாள். அவளுடைய அண்ணனும் நானும் புவனகிரிக்குக் கொண்டுபோய் வெள்ளாற்றங்கரையில் அடக்கம் செய்தோம். புவனகிரி அவள் பிறந்த ஊர். வாடகைக் காரில் வீட்டுக்கு வந்த பிறகு, "மூஞ்சி எப்படி இருந்துச்சி" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

காரை வாட்டர் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னா சார், ஆக்சிடெண்ட் வண்டியா?" என்று கேட்டார். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் "அப்புறம் வரேங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொருத்தர் கை அந்தச் சீட்டில் படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானே கழுவிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குக் கார் கழுவிப் பழக்கமே இல்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து வந்து போனில் கார் கழுவுகிற வீடியோக்கள் பார்ப்பேன். அதில் வருகிற வண்டிகள் கழுவுவதற்கு முன்பே பளபளவென்று இருக்கும். ஷாம்பு, பிரஷ், பஞ்சுபோன்ற துணிகள், இரண்டு பக்கெட் என்று வாங்கி வந்தேன். முதல் நாள் நல்ல வெயிலில் கழுவினேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு அதிலேயே தேய்த்ததில் முன்பக்க பானெட் மூடியில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தது. பிறகுதான் நிழல் வந்த பின் கழுவவும், கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசவும், ஒரு துணி விழுந்தால் அதை ஒதுக்கிவிடவும் கற்றுக்கொண்டேன்.

வார லீவு வந்தால் வண்டியோடுதான் இருப்பேன். ஏசி காற்று வருகிற பட்டைகளுக்கு இடையில் ஷேவிங் பிரஷ் விட்டுத் தூசி எடுத்தேன். மிதியடிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். கண்ணாடிகளைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். பின் சீட்டை மட்டும் ஒரு போர்வையால் மூடி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, வண்டிய விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மாதான்" என்றேன்.

வண்டிக்கு நேராக எங்கள் அறை ஜன்னல். திரை எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

துடைக்க வேறெதுவும் மிச்சமில்லாமல் போன ஒரு சாயங்காலம் போர்வையை எடுத்தேன். சீட்டுத் துணி வெளிர்ச் சாம்பல் நிறம். கறை காய்ந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. கால் வைக்கும் இடத்தில், சீட்டுக்கடியில், கல்யாணத்துக்கு அவள் வைத்திருந்த மல்லிகைச் சரம் சருகாகிக் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அழுக்குப் போக வேண்டுமென்றால் சூடு வேண்டும் என்பது என் எண்ணம். அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, துணியில் நனைத்து ஒரு ஓரத்தில் தேய்த்தேன். கறை இளகுவதற்குப் பதில் இன்னும் கறுத்தது.

"சுடுதண்ணி ஊத்தாதீங்க மாமா."

திரும்பிப் பார்த்தேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் வண்டிக்குப் பக்கத்தில் வருவது அதுதான் முதல் முறை.

"சூடு பட்டா ரத்தம் துணியிலயே புடிச்சிக்கும். பச்சத்தண்ணிதான் ஊத்தணும்."

"நீ உள்ள போம்மா. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாது. பொம்பளைங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, என் கையிலிருந்த துணியை வாங்கினாள். "இத வெச்சிக்கிட்டா இத்தன நாளும் தனியா உக்காந்து தொடைச்சிட்டு இருந்தீங்க?"

அவள் பின் சீட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, தேய்க்காமல், துணியை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தாள். நான் பிழிந்து கொடுத்தேன். இருட்டுகிற நேரம்வரை அதையே செய்தோம். பக்கெட்டில் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு தெருச் சாக்கடைப் பக்கம் போனேன்.

"அங்க ஊத்த வாணாம்."

நின்றேன்.

"சாக்கடையில வாணாம் மாமா" என்று மறுபடியும் சொன்னாள். அவளே வண்டியிலிருந்து இறங்கி வந்து பக்கெட்டின் ஒரு பக்கம் பிடித்தாள். காம்பவுண்டு ஓரத்தில் வீட்டுக்காரர் வைத்த முருங்கை மரம் ஒன்று உண்டு. அதன் அடியில் கையால் மண்ணை விலக்கிக் குழி பறித்தாள். தண்ணீர் வெளியே ஓடிவிடாதபடி மெதுவாக ஊற்றினோம். எல்லாம் உறிஞ்சும்வரை குந்தியே இருந்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிவிட்டாள். என் சட்டைப்பையில் இருந்த சரத்தைக் கொடுத்தேன். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. வாங்கி, மண்மேல் வைத்தாள்.

கறை முழுக்கப் போகவில்லை. நான் சுடுதண்ணீர் பட வைத்த ஓரம் ஒரு கோடாக அப்படியே நின்றுவிட்டது. சீட்டுக்கு உறை போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கச் சிதம்பரம் போனோம். உடம்பில் குறை ஒன்றும் இல்லை, வயது இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் அன்பாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் கண்ணாடியை ஏற்றினாள். தூசி அடிக்கிறதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், வீட்டிலும் அழாதவள், வாய்விட்டு, பெயர் வைக்காத பிள்ளையை "சாமி, சாமி" என்று கூப்பிட்டு அழுதாள். வண்டியை ஓரம் கட்டட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள் என்று கையைக் காட்டினாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எனக்கும் ரோடு சரியாகத் தெரியவில்லை. ஓரமாக, மெதுவாக, கடலூர்வரை ஓட்டி வந்தேன்.