துபாய் நேரத்தில் ஓடிய கைக்கடிகாரம்

என் கணவருக்கு துபாயில் டிரைவர் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதம், டேப்ரிக்கார்டரும் கையுமாக விடுப்பில் ஜமுனாமரத்தூருக்கு வந்தவர், கைக்கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றவே இல்லை. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். "திரும்பிப் போறவன்தானே? மனசுல கூட்டிக்கிறேன்" என்பார். பார்க்கிறவர்களிடமெல்லாம் "அங்க இப்ப இன்னா மணி தெரியுமா?" என்று பெருமை வேறு.

அந்த வெயிலில் வெந்தவருக்கு எங்கள் மலைக் குளிர் சுகமாம். நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினார். மறுநாள் எங்கள் இரண்டு வயது மகளுக்கு மூச்சு இளைத்தது. போளூர் டாக்டரிடம் போக நாலு மணிக்குக் கடைசி பஸ்.

"மணி இன்னாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுதான் ஆவுது. நிதானமா கெளம்பு."

அதை நம்பி, குழந்தைக்கு வெந்நீர் புகட்டிப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனால், பஸ் போயே போய்விட்டது. மனசில் கூட்ட மறந்துவிட்டாராம்!

"நாம இன்னா துபாய் பஸ்ஸுக்கா வந்தோம்?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

புளி மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு எங்களை ஏற்றிக்கொண்டதால் பிள்ளை பிழைத்தாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டேன். இந்த வருடம் அவர் வந்து வாசலில் நின்றதும் கடிகாரத்தைக் கழற்றி வாங்கி, முள்ளை நம் நேரத்துக்குத் திருப்பினேன். அதன் பிறகுதான் மகளை அவரிடம் விட்டேன்.