சேரோடு போய் வாங்கிய வாஷ்பேசின்

கள்ளக்குறிச்சிக்கு வாஷ்பேசின் வாங்கப் போனபோது, வீட்டு பாத்ரூமில் கிடந்த பிளாஸ்டிக் சேரையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னையும் பார்த்தார், சேரையும் பார்த்தார்.

"எம்மா, பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. சேருக்கு இல்ல."

"அதுவும் எங்க வூட்டு ஆளுதாங்க. கூட்டிக்கினு போறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார். கீரைக் கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா, கேட்காமல் கொள்ளாமல் அந்தச் சேரில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சுகமாக வந்தது.

என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. மருந்திலும் பயிற்சியிலும் தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடக்கிறார். அங்கே அந்தச் சேரில் உட்கார்ந்தால் நான் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவேன். சோறு ஊட்டினேன், சட்டை மாட்டினேன், எதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. நான் முகம் துடைத்துவிடுவது மட்டும்தான் அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் காலையில் ஈரத்துண்டோடு போனபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"பொணத்துக்குத் தொடைக்கிற மாதிரி தொடைக்கிற."

அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும், இவர் முன்பு எப்படித்தான் முகம் கழுவினார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அதெல்லாம் ஒரு ஆர்ப்பாட்டம். வாசல் குழாயடியில் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைவார். பிறகு வாய் கொப்பளிப்பார். தொண்டைக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் டீத்தண்ணி வைப்பாள். எனக்குக் கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்கு மானமே போனது.

இப்போது குந்த முடியாது, இருப்பது ஒரு கை. அந்தக் கையில் சொம்பைப் பிடித்தால் கழுவக் கை இல்லை. முக்காலியில் பக்கெட் வைத்துப் பார்த்தேன். "வாய் கழுவுன கைய திரும்பத் திரும்ப அதே தண்ணில வுடறதா? எச்சத்தண்ணி" என்று தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆக, ஓடுகிற தண்ணீர் வேண்டும், உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும்.

அதிலிருந்து எனக்கு வாஷ்பேசின் பைத்தியம் பிடித்தது. ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஓட்டல் எங்கே போனாலும் சாப்பாட்டை விட அதன் மேல்தான் கண். பக்கத்தில் நின்று மற்றவர்கள் கை கழுவுவதை வேடிக்கை பார்ப்பேன். உயரமானவர் கூன் போடுகிறார், குட்டையானவர் முழங்கை வழியாகத் தண்ணீரை அக்குளுக்கு அனுப்புகிறார். சில குழாய்கள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, விரல் நுனிதான் நனையும். யாருடைய கையை நினைத்து இவற்றைச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் வலது கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு இடது கையால் முகம் கழுவிப் பார்த்தேன். கையில் எடுத்த தண்ணீர் முகத்துக்கு வருவதற்குள் பாதி ஒழுகிவிடுகிறது. அப்படியானால் தொட்டி முகத்துக்குக் கிட்டே இருக்க வேண்டும். இது தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைக்காரர் முதலில் காட்டியதெல்லாம் கீழே தூண் வைத்தது. "இதுதான்கா ஸ்ட்ராங்கு. இப்ப எல்லாரும் ஸ்டாண்டோடதான் வாங்கறாங்க."

நான் சேரைப் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் தூணில் இடித்தது.

"இந்தக் காலை எங்கங்க வைக்கிறது?"

அப்போதுதான் அவருக்குச் சேரின் அர்த்தம் புரிந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு, சுவரில் மட்டும் மாட்டுகிற மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தானே என் நெஞ்சளவு உயரத்தில் தாங்கிப் பிடித்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத தண்ணீரை இடது கையால் அள்ளி முகத்தில் அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒன்று ரொம்பக் குட்டி, விரல் கழுவத்தான் ஆகும். ஒன்று அகலம், பாத்ரூம் கதவு திறக்காது. கடைசியில் முன்பக்கம் வளைந்த ஒரு வெள்ளைத் தொட்டி அமைந்தது. உயரமாக வளைந்த குழாய் ஒன்றையும், புறங்கையால் தட்டித் திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடியோடு பார்த்து எடுத்தேன். எல்லாம் அளந்துவிட்டோம் என்ற மிதப்பில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பிளம்பர் வந்தார். தண்ணீர் பைப்பும் சாக்கடைத் துளையும் இருக்கிற சுவரில் மாட்டலாம் என்றார், நானும் சரி என்றேன். உயரம் குறிக்கச் சேரைப் போட்டு உட்கார்ந்தவள், அப்படியே முன்னால் சரிந்தேன். கடையில் தரை சமம். எங்கள் பாத்ரூம் அப்படி இல்லை. மொண்டு ஊற்றிக் குளிக்கிற இடமாயிற்றே, தண்ணீர் தேங்கக் கூடாதென்று கட்டும்போதே நன்றாக வாட்டம் விட்டிருந்தது. சரிவு முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துத்தான் இறங்கியது. தினமும் நிற்கிற தரை, என் காலுக்குத் தெரியவே இல்லை. நான் சரிந்தால் கை ஊன்றலாம். அவர் சரிந்தால்? தொட்டியில்தான் நெற்றி போய் மோதும். வாங்கி வந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"சேருக்கு அடியில சிமெண்ட் மேடை போட்டுடலாம்கா" என்றார் பிளம்பர்.

பாத்ரூம் வாசற்படியில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மேடை போட்டா தண்ணி தேங்கும். பாசி புடிக்கும். வழுக்கி வுழுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, இடது கையால் எதிர்ச்சுவரைக் காட்டினார். "அங்க மாட்டு. வாட்டம் பின்னால போவும். சாஞ்சி குந்திக்குவேன்."

"தண்ணி வெளிய போவ வழி?" என்றார் பிளம்பர்.

"தரைல வுடு. அதா ஓடும். கரும்புக்குத் தண்ணி பாய்ச்சினவன்கிட்ட கேக்கறியே."

பிளம்பர் சிரித்துவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நோயில் விழுந்த பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தண்ணீர் பைப்பை எதிர்ச்சுவர் வரைக்கும் இழுத்து, அதில் துளை போட்டு, அவரையே சேரில் உட்கார வைத்து உயரம் குறித்தோம். சிமெண்ட் இறுகட்டும் என்று பிளம்பர் சொன்னதால் ஒருநாள் காத்திருந்தோம். அன்று பூராவும் நான் போகும்போதும் வரும்போதும் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் மலைப் பக்கம் மூட்டமாக இருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போலத் துண்டோடு பக்கத்தில் நின்றேன். புறங்கையால் குழாயைத் தட்டினார். தண்ணீர் வந்தது. முதல் கை சட்டையில் போனது. இரண்டாவது காதில். நான் கையை நீட்டினேன்.

"துண்ட வெச்சிட்டுப் போ" என்றார். "கதவ சாத்திக்கினு போ."

சாத்திவிட்டு வெளியே நின்றேன். தாழ்ப்பாள் போடவில்லை என்பதில் ஒரு நிம்மதி. நான் இல்லாமலும் ஆகும் என்பதில், பொய் சொல்வானேன், ஒரு சின்ன வலி. உள்ளே தண்ணீர் முகத்தில் அறைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கதவில் கை வைத்துவிட்டேன். அப்போது அந்த மோட்டார் ஓட ஆரம்பித்தது. பழைய மாதிரி இல்லை, விட்டு விட்டுத்தான் ஓடியது. ஆனால் சத்தத்தில் ஒன்றும் கம்மி இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற ஓசை நின்றது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மாமா எழுந்துட்டாரா?"

"எழுந்துட்டாரு" என்றேன். "நீ டீத்தண்ணி வை."