பெண் பார்க்கப் போன செல்லோ

அய்யம்பெருமாள் ஆசைப்பட்டுச் செல்லோ கற்றவனில்லை. திருச்சி விடுதியில் படித்தபோது இசை வகுப்பு வயலின்களையெல்லாம் மற்ற பையன்கள் பிடித்துக்கொள்ள, வயலினுக்கு அண்ணன் மாதிரி ஆளுயரத்துக்கு மூலையில் நின்ற செல்லோதான் அவனுக்கு மிஞ்சியது. அதையே உயிராகக் கட்டிக்கொண்டான். மேற்கத்திய சங்கீதக் கச்சேரி, சினிமா ரெக்கார்டிங் என்று சென்னையில் அது சோறு போட்டது. பெண் கொடுக்கத்தான் ஒருத்தரும் வரவில்லை.

"மாப்ள என்ன வேலை?"

"வாத்தியம் வாசிக்கிறாரு."

"அட, பேண்டு செட்டா!"

சொந்த ஊரான அரியலூர்ப் பக்கம் அதோடு பேச்சு முடிந்துவிடும். அம்மா மருதாயிக்குத் தூக்கமே போயிற்று. 1999 பங்குனியில் மகனைத் திருமழபாடிக்கு இழுத்துப் போய் நந்தி கல்யாணம் பார்க்க வைத்தாள். அதைப் பார்த்தவர்களுக்கு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கூட்டத்தில் செருப்பு தொலைந்ததுதான் மிச்சம் என்று அவன் முணுமுணுத்தான்.

ஆவணியில் பெரம்பலூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் பரிமளா, டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய தாய்மாமன் ராசாங்கம் ஒரு நிபந்தனை போட்டார். "வாத்தியத்தோட வரச் சொல்லுங்க. என்னதான் வாசிக்கிறாருன்னு பாத்துப்புடுவோம்." பெண்ணைப் பாடச் சொன்ன காலம் போய் மாப்பிள்ளைக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! செல்லோவுக்கும் லக்கேஜ் டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினார்கள்.

கேசரி, பஜ்ஜி ஆனதும் ராசாங்கம் ஆரம்பித்தார். "சினிமாவுல எந்தப் பாட்டுக்கு வாசிச்சீங்க?"

ஊரே பாடிய ஒரு தாலாட்டைச் சொன்னான்.

"அடேங்கப்பா! அதுல நீங்க வாசிச்சத வாசிங்க பாப்போம்."

இங்கேதான் மடையன் சறுக்கினான். மெட்டை வாசித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். இவனோ கேட்டதற்கு உண்மையாக, பாட்டுக்கு அடியில் தான் வாசித்த நீளமான, கனத்த இழுப்புகளை மட்டும் வாசித்தான்.

ராசாங்கம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "பாட்டு எப்ப வரும் தம்பி?" என்றார். கூடத்தில் சிரிப்பு. "பாட்ட வாசிடா, மானம் போவுது," என்று மருதாயி முதுகில் இடித்தாள். இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து வாசித்தது வெறும் உறுமலாகவா கேட்கிறது என்று நினைத்ததும், பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இந்த வீட்டிலும் பெண் கிடைக்காது. ஆனாலும் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

அப்போது சமையலறையிலிருந்து அந்தத் தாலாட்டு கேட்டது. பரிமளாதான். யாரும் பாடச் சொல்லவில்லை. அவன் இழுப்பின் மேல் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டு கடைசிவரை பாடினாள்.

முடிந்ததும் கதவோரம் வந்து நின்றாள். "இது இல்லாட்டி அந்தப் பாட்டே நிக்காது மாமா. ரேடியோவுல நான் இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். யாரு வாசிக்கிறாங்கன்னுதான் தெரியல."

மருதாயி இருந்த இடத்திலிருந்தே திருமழபாடி நந்திக்குக் கும்பிடு போட்டாள். தை மாதம் கல்யாணம். ராசாங்கம் பேண்டு செட்டுக்குச் சொல்லியிருந்தார். பரிமளாதான் வேண்டாமென்று நிறுத்தினாள்.