பலகையில் அவர் பெயர்

கல்யாணத்துக்கு முன்பே நான் மருத்துவச்சி. சான்றிதழில் என் பெயரும் அப்பாவின் பெயரும் இருந்தன. எங்கள் பேட்டையான காஜா பேராங்கில், அப்பா வீட்டு வாசலில் மாட்டியிருந்த பலகையிலும் அதேதான். ஊரின் மறுகோடி செமாபோக்கிலிருந்துகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஆள் வரும்.

இந்தியாவுக்குப் பிறகு இங்கேயும் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் அரசாங்கத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. புகுந்த வீடு இரண்டு தெரு தள்ளி. பலகையை நானே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"என் வீட்டு வாசல்ல உங்கப்பா பேரா? நாலு பேரு சிரிப்பாங்க லா."

"அந்தப் பேரச் சொல்லித்தானே தேடி வர்றாங்க?"

"புதுசும் பழகிடும்."

நான் ஒரு பிரசவத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. என் பலகையையே சுரண்டி, 'திருமதி' போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுத வைத்திருந்தார். கீழே 'மருத்துவச்சி'. என் பெயரில் ஓரெழுத்தும் இல்லை. கத்தியிருக்க வேண்டும். கை கழுவிவிட்டுச் சோறு போட்டேன். அந்தக் கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பெயரை நான் வாயால் சொல்லக்கூடாது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பாள் மாமியார். யார் வீடு என்று வழியில் கேட்டால் பலகையை நோக்கிக் கையை நீட்டுவேன்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தெங்கேராவிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவர் மனைவிக்கு இரண்டு நாளாக வலி. பிள்ளை கால் முன்னே வந்திருந்தது. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தான்.

ஒரு வயது முடிந்ததும் அவள் பழத்தட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க இல்லேன்னா நாங்க ரெண்டு பேருமே இல்ல, மிஸ்ஸி. உங்க பேரு தெரியல. பலகையில இருந்த பேரையே இவனுக்கு வச்சிட்டோம்."

நாற்காலியில் இருந்த அவருக்கு முகமெல்லாம் பல்.

"கூப்பிடுங்க மிஸ்ஸி, திரும்பிப் பார்ப்பான்."

மாமியார் கதவருகே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையால் வெளியே எடுத்த பிள்ளை. நாக்கு எழவில்லை.

அவர்தான் கூப்பிட்டார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தான்.