அப்பாவுக்கு வந்த முட்டிவலி

எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு லெட்ரினில் பேசின் ஆட ஆரம்பித்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கால் வைத்துக் குந்தினால் தொட்டில் மாதிரி லேசாக அசையும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அப்பாதான் பயந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூட்டிவந்தார்.

பிளம்பர் உள்ளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “பக்கத்துல இருக்குற குழாய யாரோ புடிச்சிப் புடிச்சி இழுத்திருக்காங்க சார். செவுத்துலேர்ந்து பேந்து, தண்ணி எறங்கி, அடியில மண்ணு கரைஞ்சிபோச்சி. பூசியும் குடுக்கலாம். இல்லன்னா இடிச்சிட்டுப் புதுசா வெஸ்டர்ன் வச்சிடலாம்.”

அம்மா என்னைக் காட்டினாள். “இவதான் அதப் புடிச்சித் தொங்கிக்கிட்டு இருப்பா.”

நான் தொங்கவே இல்லை. வீட்டில் உடைந்த பாதிச் சாமான் என் கைங்கரியம்தான் என்றாலும், இந்தக் குழாய் விஷயத்தில் நான் சுத்தம். அழுதேன், சத்தியம் செய்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. பேந்த குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அரிவாள்மணையை விட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

“பூசுனா போதும்” என்றாள் அம்மா. “வெஸ்டர்ன்லாம் முடியாதவங்க வைக்கிறது. வர்றவங்க போறவங்க யாருக்கு என்ன சீக்குன்னு கேப்பாங்க. நான் நல்லா கல்லு மாரி இருக்கேன்.” யோசித்துச் சொல்வதாகப் பிளம்பரை அனுப்பிவிட்டார் அப்பா.

மறுநாள் அப்பாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. சிதம்பரத்தில் வேலை முடித்து பஸ்ஸில் வந்தவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குந்தி உட்கார முடியவில்லை என்றார். தைலம் கேட்டார். அம்மா தேய்த்துவிட வந்தால் மட்டும், தானே தேய்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க வீடே தைல வாடை.

குழாய்ப் பழியில் வெந்துகொண்டிருந்த எனக்கு யாரையாவது மாட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அப்பாவே மாட்டினார். ஒரு சாயங்காலம் தெருமுனைக் கடையில் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து விறுவிறுவென்று வந்தார். தோண்டிப்போட்டிருந்த பள்ளத்தை ஒரே தாவாகத் தாண்டினார். எங்கள் கேட் தெரிந்ததும் நொண்ட ஆரம்பித்தார். அதுவும் நேற்று நொண்டிய கால் இல்லை.

சந்து வழியாக ஓடி, அவருக்கு முன்னால் சமையலறைக்குப் போய்விட்டேன். “அம்மா, அப்பா பொய் சொல்றாரும்மா. அவுருக்கு முட்டி வலியே இல்ல. வெஸ்டர்ன் வேணும்னு நடிக்கிறாரு.”

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, வாசலில் நொண்டி வருகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“தெரியும். வாய மூடிக்கிட்டு இருடி” என்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள், “பூச்சு வேலயெல்லாம் வாணாங்க. புதுசே வச்சிடச் சொல்லுங்க. நீங்க எத்தினி நாளுதான் இப்பிடிக் கஷ்டப்படுவீங்க” என்றாள்.

“உனக்குச் சரின்னா சரி” என்றார் அப்பா, முகத்தை வெகு பாவமாக வைத்துக்கொண்டு.

எனக்கு ஆறவே இல்லை. தெரியும் என்கிறாள், அடுத்த நிமிடமே ஏமாந்துபோகிறாள். இவ்வளவு வெகுளியாக இருந்துகொண்டு இந்த மனுஷனிடம் எப்படித்தான் காலம் தள்ளப்போகிறாளோ என்று, அம்மாவை நினைத்து நான் மிகவும் வருத்தப்பட்டேன்.