பத்தாயிரம் புஷ்

போன வாரம் ஒரு மீட்டிங்கில் இளைஞர் ஒருவர், "புரோகிராம்ல தப்பே இல்ல சார், டேட்டா போட்டவங்கதான் சொதப்பிட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. கத்திவிட்டேன். பயந்துபோய்க் கேமராவை அணைத்துவிட்டார். பாவம், அவர்மேல் விழுந்தது முப்பது வருஷத்துக்கு முந்தைய கோபம்.

அப்போது நான் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் புரோகிராமர். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைப்போம். மனுஷனுக்கு அந்த மரியாதை கிடையாது. ஏசி குளிரும் பிரிண்டர் ரிப்பனின் மை வாசனையும் தலைக்கேறி, நான் எழுதியது தப்பாகவே ஆகாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

மை வாசனை என்றாலே முனிராஜ் ஞாபகம்தான். ஸ்டோர்ஸ் பார்த்தவர், என் வயதுதான். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, மேனேஜரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பித்த மாதம், என் ரிப்போர்ட்டில் இருந்த கணக்குக்கு, ஸ்டோரில் எண்ணிப் பார்த்ததில் பித்தளை புஷ், அதாவது அச்சில் மாட்டும் சின்ன வளையம், பத்தாயிரம் குறைந்தது. முனிராஜுக்கு மெமோ வந்தது. பதில் சரியில்லை என்றால் வேலை போய்விடும். சாயந்திரம் கேட்டில் எல்லார் முன்னாலும் அவருடைய டிபன் கேரியரை மட்டும் திறந்து பார்த்தார்கள். டிபன் கேரியரில் பத்தாயிரம் புஷ்! அது மூட்டை மூட்டையாக வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

உற்பத்தி லைனுக்குச் சரக்குக் கொடுத்த சிலிப்புகளைக் கட்டாகத் தூக்கி வந்தார். அவற்றை மூன்று தடவை கம்ப்யூட்டரில் திரும்ப அடிக்க வைத்தேன். மூன்று தடவையும் அதே பத்தாயிரம்.

"நீங்கதான் எங்கயோ தப்பா அடிக்கிறீங்க" என்றேன்.

"எந்தத் திருடன் சார் ஒண்ணு கூடாம, ஒண்ணு கொறையாம, பத்தாயிரத்த எண்ணி எடுத்துக்கினு போவான்?" என்றார் முனிராஜ். "உங்க மிசின கேளுங்க."

அப்புறம்தான் என் புரோகிராமைத் திறந்தேன். மாதம் முழுவதும் கொடுத்த சரக்கின் மொத்தத்துக்கு நான்கு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். புது ஷிஃப்டால் மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. முன்னால் நிற்கும் ஒன்றுக்கு இடமில்லை. அதை எறிந்துவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஸ்டோரைவிட்டுப் போனதாக அச்சடித்துவிட்டது. லைனுக்குப் போய்விட்ட பத்தாயிரமும் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும் என்று கணக்கு. எண் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் அடிக்காமல் விட்டால் ஊரைக் கூட்டி நின்றுபோகும் சனியன், பத்தாயிரத்தை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். "சரி பண்ணியாச்சில்ல? வெளிய சொல்லாதீங்க, மெமோவ நான் கிழிச்சிடறேன்" என்றார். தலை தப்பியது என்று வந்துவிட்டேன். புரோகிராமைத் திருத்தினால் அதன் உச்சியில் யார், எதற்காக என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். 'இலக்கம் கூட்டப்பட்டது' என்று எழுதினேன். என் தப்பு என்று எழுதக் கை வரவில்லை. வெட்கக்கேடு.

அடுத்த மாதமே முனிராஜ் வேலையை விட்டுவிட்டார். "இங்க சோறு எறங்கல சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சிலிப்புகள் இல்லை, நான் எழுதிய அந்த ஒரு வரியும் இல்லை. முனிராஜ் எங்கே இருக்கிறாரோ, அதுவும் தெரியாது. "மேனேஜர் தயவுல தப்பிச்சான்டா" என்று கேன்டீனில் பேசியவர்களுக்கு அவர் இன்றைக்கும் திருடன்தான். அவர்கள் அப்படிப் பேசியபோது நானும் அதே மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.