பூனைக்குப் போட்ட பனியன்

அந்தக் கோடையில் எங்கள் பூனை சொறிந்து சொறிந்தே பாதியாக இளைத்துவிட்டது. மூன்று குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பால் கொடுக்கக்கூட நிம்மதியில்லை; குட்டிகள் வாய் வைத்ததும் எழுந்து காதைப் பறண்ட ஆரம்பித்துவிடும். மயிரை விலக்கினால் தெள்ளுப்பூச்சிகள் கடுகு சிதறியதுபோல் ஓடும்.

கல்யாணமாகி ஆறு வருடம், எனக்குக் குழந்தையில்லை. ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு. கணவர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால் எனக்குப் பேச்சுத் துணை அந்தப் பூனைதான். கொஞ்சம் அதிகமாகவே அதன்மேல் உயிரை வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கென்ன, வீடு நிறையப் பிள்ளைகள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் பருத்திக் காடு இருந்தது. காட்டுக்குத் தூவும் பூச்சிப் பொடியைத் தன் நாய்க்குத் தேய்த்தார். உண்ணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்ததை நானே பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

“ஒரு நாளைக்கு நக்காம மட்டும் பாத்துக்க கண்ணு. மறுநாள் குளிப்பாட்டி உட்டுரு” என்றார்.

நக்காத பூனை எங்கே இருக்கிறது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பனியன் துணி மிஷினிலிருந்து குழாய்போல்தானே இறங்கும், தைக்கவே வேண்டாம். குழந்தை பனியனுக்கு ஓடும் சின்ன மிஷினில் விழுந்த வேஸ்ட் துணி ஒரு முழம் கணவரிடம் கேட்டு வாங்கினேன். கால்களுக்கு நான்கு ஓட்டை வெட்டினேன். மறுநாள் காலை பூனைக்குப் பொடியைத் தேய்த்து மாட்டிவிட்டேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

“பூனைக்குப் பனியன் போட்ட மொதப் பொம்பள நீதான் புள்ள” என்று கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை மத்தியானம் வரைக்கும்தான். துணி வயிற்றையும் மூடியிருந்ததால் குட்டிகளுக்குப் பால் கிடைக்கவில்லை. துணியின் மேலேயே முட்டி முட்டிக் கத்தின. தாய்ப்பூனை என் முகத்தைப் பார்த்துக் கத்தியது. அந்தச் சத்தத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் என்று அக்கா சொன்னது நன்றாக நினைவிருந்தும், கத்தரிக்கோலை எடுத்துப் பனியனை வெட்டிப் போட்டேன். வயிற்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

இரண்டு குட்டிகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. வெள்ளைக் குட்டி நோஞ்சான். அதற்கு இடம் கிடைக்கவில்லை. பூனை படுத்தபடியே குட்டிகளையும் நக்கியது, தன் முதுகையும் நக்கியது. ரொம்ப நாளுக்கப்புறம் அது அமைதியாகப் படுத்திருக்கிறது என்று நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவர் வேலை முடிந்து வரும்போது அதற்கு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. துண்டில் சுற்றி, அவர் சைக்கிள் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். போய்ச் சேருமுன்பே மடியில் கனம் மாறிவிட்டது.

கம்பவுண்டர் துண்டை விலக்கி மோந்து பார்த்தார். “இந்தப் பொடி பூனைக்கு ஆகவே ஆகாதுங்கம்மா. பேன் சீப்பு வச்சு வாரி, தண்ணியில தட்டி உட்டிருந்தாலே போதுமுங்களே” என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தபோது பால் குடித்த குட்டிகள் இரண்டும் விறைத்துக் கிடந்தன. கணவர் தாயோடு சேர்த்து மூன்றையும் வேப்பமரத்தடியில் புதைத்தார்.

மறுநாள் காலை வெள்ளைக் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு என் பேன் சீப்பை எடுத்தேன். பூச்சிகள் சீப்பின் பல்லில் வரிசையாக வந்து மாட்டின. கிண்ணத்துத் தண்ணீரில் தட்டத் தட்ட மிதந்தன. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது; குட்டியின் உடம்பில் ஒரு பூச்சி மிச்சமில்லை. நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.